இம்மி பிசகும் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் சென்ற வாரம் குலசேகரம் பக்கத்து ரப்பர் விவசாயி ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். ஒரு நாள் 2.665 கிலோ ஒட்டுப்பாலும் (உறைந்து கட்டியான ரப்பர் பால்), அடுத்த வாரம் 2.675 கிலோ ஒட்டுப்பாலும் கொண்டுபோய்ப் போட்டதாகவும், இரண்டு முறையும் தராசில் தெரிந்த எடையைத் தம் கையாலேயே குறித்துக்கொண்டதாகவும், ஆனால் கணினி அடித்துக் கொடுத்த இரண்டு ரசீதுகளிலும் 2.67 என்றே இருந்ததாகவும் அவர் எழுதியிருந்தார். இடையில் இருந்த பத்து கிராம் எங்கே போயிற்று என்ற அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கு அவரே சொல்லிக்கொண்ட விடை, அதாவது ரசீது போடும் எழுத்தர் கைவைத்துவிட்டார் என்பது, சரியானதல்ல. அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதே இரண்டு ரசீதுகள்தான் வந்திருக்கும் என்பதால், அந்தப் பணியாளர்மேல் விழுந்திருக்கும் பழியை நீக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் கணக்கு கற்பித்து ஓய்வு பெற்றவன். திருவட்டாற்றுக்கு அருகே எண்பது சென்ட் ரப்பரும் வைத்திருப்பவன். ஆகவே இரண்டு பக்கத்து வருத்தமும் எனக்குத் தெரியும்.

முதலில் அந்த இரண்டு எடைகளைப் பார்ப்போம். மூன்றாம் தசம இடத்தில் ஐந்து இருந்தால் இரண்டாம் இடத்தை ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும் என்று நாம் ஐந்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொடுக்கிறோம். அதன்படி 2.665 என்பது 2.67 ஆகவும், 2.675 என்பது 2.68 ஆகவும் ஆக வேண்டும். கணினிக்கும் இதே விதியைத்தான் எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் 2.675 என்று விசைப்பலகையில் தட்டியவுடன் கணினி தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் எண் 2.675 ஆக இருப்பதில்லை, 2.6749999999999998 என்பதற்கு அருகில் உள்ள ஓர் எண்ணாக இருக்கிறது. அந்த எண்ணை இரண்டு இடத்துக்குச் சுருக்கினால் 2.67 என்றுதான் வரும். விதி மீறப்படவே இல்லை. மறுபுறம் 2.665 என்று தட்டினால் உள்ளே போவது 2.66500000000000003 அளவிலான எண். அது பாதிக்கு ஓர் இம்மி கூடுதலாக இருப்பதால் மேலே ஏறி அதுவும் 2.67 ஆகிவிடுகிறது. ஒன்று இறங்கி, மற்றொன்று ஏறி, இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டன. கிலோ இருநூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்தப் பத்து கிராமின் மதிப்பு இரண்டு ரூபாய். ஒருவருக்கு இரண்டு ரூபாய் சிறிது; ஆண்டு முழுவதும் பலருக்கும் ரசீது போடும் இடத்தில் அதைச் சிறிது என்று தள்ளிவிட முடியாது.

கணினி ஏன் 2.675 என்ற எளிய எண்ணைக்கூட அப்படியே வைத்துக்கொள்ள முடியாமல் திணறுகிறது என்பதற்கு விடை நம் முன்னோரின் எண்சுவடியிலேயே இருக்கிறது. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தார்களே, அந்த வரிசை ஒன்றைப் பாதியாக்கி, அந்தப் பாதியைப் பாதியாக்கி, மீண்டும் மீண்டும் பாதியாக்கி வருவது: இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று. இன்றைய கணினிக்குத் தெரிந்த பின்னங்கள் இந்த ஒரே வரிசையைச் சேர்ந்தவை மட்டுமே. அது இருநிலை எண்களில், அதாவது பூச்சியத்தையும் ஒன்றையும் மட்டும் கொண்டு கணக்கிடுவதால், எந்தப் பின்னத்தையும் அரை, கால், அரைக்கால், மாகாணி என்ற துண்டுகளை அடுக்கித்தான் அது உண்டாக்க வேண்டும். முக்கால் வேண்டுமென்றால் அரையும் காலும் சேர்த்தால் போதும், பிழையே இல்லை. ஆனால் அதே எண்சுவடியில் மா என்றும் இருமா என்றும் காணி என்றும் வேறொரு வரிசை உண்டு. மா என்பது இருபதில் ஒன்று, இருமா பத்தில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. இவற்றின் பகுதியில் ஐந்து என்ற காரணி ஒளிந்திருக்கிறது. எத்தனை முறை பாதியாக்கினாலும் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்காது என்பதால், இருமாவைக் கணினியால் முழுமையாக எழுதவே முடியாது. நம் முன்னோர் இரண்டு வரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துப் புழங்கியதால் இந்தச் சங்கடம் அவர்களுக்கு நேரவில்லை. ‘இம்மியும் பிசகாது’ என்று பேச்சில் சொல்கிறோமே, அந்த இம்மியும் பழைய கீழ்வாய் எண்களில், அதாவது பின்னங்களில், ஒன்றுதான்.

நம்பிக்கை வராதவர்கள் ஒரு தாளில் செய்து பார்க்கலாம். பத்தில் ஒன்றை, அதாவது 0.1 என்பதை இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். ஒன்றைத் தாண்டும்போதெல்லாம் அந்த ஒன்றை எடுத்து ஓரமாக எழுதிவிட்டு மிச்சத்தை மறுபடியும் இரட்டிக்க வேண்டும். 0.2, 0.4, 0.8, பிறகு 1.6, ஒன்றை எடுத்தால் 0.6, அது 1.2, ஒன்றை எடுத்தால் மீண்டும் 0.2. கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டோம். செக்குமாடு போல இந்தச் சுற்று முடிவில்லாமல் ஓடும். நாம் மூன்றில் ஒன்றைத் தசமத்தில் 0.3333 என்று எழுதிக்கொண்டே போவது போல, கணினி பத்தில் ஒன்றை இருநிலையில் எழுதிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. அதற்கு முடிவில்லாத தாள் கிடையாது. எங்கேயாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

எங்கே நிறுத்துகிறது என்பதற்கு உலகம் முழுவதும் ஒரே வரையறை இருக்கிறது. 1985ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.இ.இ.இ. 754 என்ற தரநிலை அது. 2008லும் 2019லும் திருத்தப்பட்டது. அதன் உருவாக்கத்தில் முதன்மையானவரான பேராசிரியர் வில்லியம் கஹானுக்கு 1989ஆம் ஆண்டு கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது வழங்கப்பட்டது. மென்பொருள் எழுதுபவர்கள் ‘டபுள்’ என்று சொல்லும் வகையில் ஓர் எண்ணுக்கு 64 பிட்டுகள், அதாவது பூச்சியமோ ஒன்றோ எழுதும் இடங்கள், ஒதுக்கப்படுகின்றன: குறிக்கு ஒன்று, அடுக்குக்கு 11, மீதி 52 பிட்டுகள் எண்ணின் இலக்கங்களுக்கு. எழுதாமலே கணக்கில் சேரும் முதல் பிட்டையும் கூட்டினால் 53. தசமத்தில் சொன்னால் ஏறத்தாழ 15 முதல் 17 இலக்கங்கள். ‘ஃப்ளோட்’ என்று சொல்லும் 32 பிட் வகையில் ஏழு இலக்கங்களுக்குமேல் நம்ப முடியாது. புள்ளி நிலையாக ஓரிடத்தில் நிற்காமல் எண்ணின் அளவுக்கேற்ப நகர்வதால் இவற்றுக்கு மிதவைப் புள்ளி எண்கள் என்று பெயர். என் மாணவர்கள் நான்கு இலக்க மடக்கை அட்டவணையைப் பார்த்துப் பெருக்கியது நினைவிருந்தால் இது எளிதில் விளங்கும். கோடிக்கணக்கான எண்ணானாலும் கோடியில் ஒரு பங்கானாலும் அட்டவணை தருவது நான்கு இலக்கங்களே. ஆராய்ச்சிக்கூடத்துக்கும் பாலம் கட்டுபவருக்கும் அது போதும், அவர்களுடைய அளவுகோலே அத்தனை நுட்பமாக அளப்பதில்லை. குறை மிதவைப் புள்ளியில் இல்லை. ரூபாயையும் கிராமையும் அதில் ஏற்றியவர்களிடம்தான் இருக்கிறது.

இந்த நிறுத்தலின் விளைவாக நடக்கும் சில வேடிக்கைகளை வாசகர்கள் தாங்களே சோதிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கற்கும் பைத்தான் மொழியில் 0.1 + 0.2 என்று தட்டினால் 0.30000000000000004 என்று விடை வரும். பத்துப் பைசாவைப் பத்து முறை கூட்டச் சொன்னால் ஒரு ரூபாய் வராது, 0.9999999999999999 வரும். இதில் ஓர் உட்சிக்கல் உண்டு. கணினி வைத்திருக்கும் பத்துப் பைசா உண்மையான பத்துப் பைசாவைவிட மிக நுண்ணிய அளவு கூடுதல். கூடுதலான பத்தைக் கூட்டியும் மொத்தம் குறைவாக வருகிறதென்றால், ஒவ்வொரு கூட்டலின்போதும் விடையை 53 பிட்டுக்குள் அடைக்கும் வேலையில் மேலும் கீழுமாகச் சில்லறை சிதறுகிறது என்று பொருள். பத்துப் பைசா நாணயமே 2011 ஜூன் 30 முதல் செல்லாமற் போயிற்று, அதற்கு ஏன் இத்தனை கவலை என்று கேட்பவர்களுக்கு: நாணயம் போனாலும் கணக்குப் புத்தகத்தில் பைசா இன்னும் உயிரோடு இருக்கிறது.

எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் பக்கத்துத் தோட்டக்காரர் ஓரிடத்தில் வாங்கியிருந்த சிறு கடனை ரப்பர் பால் விற்ற பணத்திலிருந்து சிறுகச் சிறுகப் பிடித்தம் செய்து அடைத்து முடித்தார். நிலுவை 0.00 என்று தாளில் அச்சாகியும், நிலுவையில்லாச் சான்று கேட்டபோது, கணக்கு முடியவில்லை என்று கணினி காட்டுவதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மூன்று முறை நடந்தார். நான் உடன் போய்த் திரையைப் பார்த்தேன். நிலுவை பூச்சியமா என்று மென்பொருள் சரிபார்க்கிறது. திரையில் தெரிவது பூச்சியம், உள்ளே இருப்பது பூச்சியமல்ல என்று புரிந்தது. ஒரு ரூபாயிலிருந்து பத்துப் பைசாவைப் பத்து முறை கழித்தால் மிதவைப் புள்ளியில் ஒன்றுமே மிஞ்சாமல் இருப்பதில்லை. தசமப் புள்ளிக்குப் பின் பதினைந்து பூச்சியங்கள் போட்டு அதற்குப் பிறகு தொடங்கும் ஒரு மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை இந்த உலகத்தில் எந்த நாணயத்தாலும் அடைக்க முடியாது. கடைசியில் மேலாளர் ஒரு ரூபாய் கட்டச் சொல்லி, அதை வரவு வைத்து, பிறகு கூடுதல் தொகை என்று திருப்பிக் கொடுத்துச் சான்று வழங்கினார். நல்ல மனிதர். ஆனால் ஒரு மென்பொருளின் குறைக்காக எழுபது வயது மனிதர் மூன்று பேருந்து ஏறியிருக்க வேண்டியதில்லை.

இத்தனை சிறிய பிழை பெரிதாகுமா என்றால், ஆகியிருக்கிறது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படைமுகாமின்மேல் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 வீரர்கள் இறந்தார்கள். அதைத் தடுத்திருக்க வேண்டிய பேட்ரியட் அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணி வந்தது. எண்ணிக்கையில் தவறில்லை, அது முழு எண். அதை விநாடியாக்குவதற்காகப் பத்தில் ஒன்றால் பெருக்கினார்கள். அந்தப் பத்தில் ஒன்று 24 பிட்டுகளில் வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடிக்கும் சேர்ந்தது, ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான பிழைதான். ஆனால் அந்த அமைப்பு 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியிருந்ததால் பிழை வளர்ந்து 0.34 விநாடியாகிவிட்டது. விநாடிக்கு 1,676 மீட்டர் வேகத்தில் வரும் ஏவுகணை அந்த நேரத்தில் அரைக் கிலோமீட்டருக்கும்மேல் நகர்ந்துவிடும். பேட்ரியட் அமைப்பு வானில் தேட வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தில் தேடியது. திருத்தப்பட்ட மென்பொருள் மறுநாள் அங்கே வந்து சேர்ந்தது. மற்றொன்று நம் விவசாயியின் கதைக்கு இன்னும் நெருக்கமானது: கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் 1000 என்று ஒரு குறியீட்டைத் தொடங்கியது. ஒவ்வொரு முறை கணக்கிட்ட பிறகும் மூன்றாம் தசம இடத்துக்கு அப்பால் உள்ளதை, அருகிலுள்ள எண்ணுக்கு மாற்றாமல், வெட்டி எறிந்து வந்தார்கள். 1983 நவம்பரில் குறியீடு 524.811 என்று காட்டியது. சரியாகக் கணக்கிட்டபோது அது 1098.892 ஆக இருந்தது.

நம் மாவட்டத்துக்கும் இது அயலான செய்தி அன்று. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சுழல்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு மின்னளவு எண்ணியில், அதாவது யூனிட்டுகளை எண்ணும் கருவியில், மொத்த யூனிட்டுகளை 32 பிட் ஃப்ளோட்டில் வைத்து, நூறில் ஒரு யூனிட் உற்பத்தியாகும்போதெல்லாம் 0.01 கூட்டும்படி ஒருவர் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,31,072 யூனிட்டைத் தாண்டியதும் அந்த எண்ணியின் மிகச் சிறிய படி 0.015625 ஆகிவிடும், நூறில் ஒன்று கூட்டும்போதெல்லாம் அது அந்த அளவு ஏறிக்கொள்ளும், அதாவது ஒன்றரை மடங்குக்கும் கூடுதலாக எண்ணும். 2,62,144ஐ எட்டியதும் படி 0.03125 ஆகும், 0.01 என்பது அதன் பாதிகூட இல்லாததால் எண்ணி அங்கேயே நின்றுவிடும். காற்று வீசிக்கொண்டிருக்கும், இறக்கை சுழன்றுகொண்டிருக்கும், எண் அசையாது. ஒவ்வொன்றாகக் கூட்டினாலும் 1,67,77,216இல் அது நிற்கும். முதலில் கூடுதலாக எண்ணிப் பிறகு எண்ணாமலே போவது என்பது எந்தத் திருடனுக்கும் தோன்றாத முறை.

நில அளவிலும் இதே கதைதான். நாம் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகைக்குச் சற்று மேல். ஓர் இடத்தின் தீர்க்கரேகையை 32 பிட் எண்ணாகச் சேமித்தால் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே தரையில் ஏறத்தாழ 84 சென்டிமீட்டர் இடைவெளி விழும். அட்சரேகை எட்டுப் பாகைதான் என்பதால் தெற்குவடக்கில் அது பத்தரை சென்டிமீட்டராகக் குறைகிறது. கடலில் பார் (மீன் கூடும் கடலடிப் பாறை) தேடிப் போகும் குளச்சல் மீனவருக்கு 84 சென்டிமீட்டர் ஒரு பொருட்டே அல்ல. சென்ட் கணக்கில் நிலம் விற்கும் நம் ஊரில், கையாலையை (எல்லைச் சுவரை) ஒரு முழம் தள்ளிக் கட்டினான் என்று மூன்று தலைமுறை பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு அது பொருட்டு. 64 பிட்டில் சேமித்தால் இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மறைந்துவிடும். அங்கே தீர்வு அவ்வளவு எளிது. பணத்துக்கு அப்படி இல்லை. எத்தனை பிட் கூட்டினாலும் பத்தில் ஒன்று முடிவதில்லை.

பணத்துக்கான தீர்வு என் தாத்தாவின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று நாம் இன்றைய தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேரும்வரை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவர்கள். திருவிதாங்கூரின் ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஒரு சக்கரத்துக்கு 16 காசு. இருபத்தெட்டில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.0357142857 என்று முடிவில்லாமல் நீளும். தாத்தாவுக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அவர் சக்கரத்தை ரூபாயின் பின்னமாக ஒருபோதும் எழுதவில்லை. ரூபாய்க்கு ஒரு பத்தி, சக்கரத்துக்கு ஒரு பத்தி, காசுக்கு ஒரு பத்தி. மூன்றிலும் முழு எண்கள் மட்டுமே. காசு பதினாறைத் தொட்டால் ஒரு சக்கரம் ஏறும், சக்கரம் இருபத்தெட்டைத் தொட்டால் ஒரு ரூபாய் ஏறும். அந்தப் பேரேட்டில் ஒரு காசு பிசகியதில்லை. இன்றைக்கும் செய்ய வேண்டியது அதுவே: தொகையை ரூபாயில் வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள், எடையைக் கிலோவில் வைக்காமல் கிராமில் முழு எண்ணாக வையுங்கள், அச்சிடும்போது மட்டும் புள்ளியைப் போடுங்கள். 2675 கிராம் என்று வைத்திருந்தால் ஐந்தா, ஐந்துக்கு இம்மி குறைவா என்ற கேள்வியே எழாது. 64 பிட் முழு எண்ணில் 922 கோடி கோடி ரூபாய்வரை பைசா சுத்தமாகக் கணக்கு வைக்கலாம். நம் மாவட்டத்துக்குப் போதும் என்று நினைக்கிறேன். (பழைய இந்திய ரூபாயின் அணா பதினாறில் ஒன்று, அதன் பைசா அறுபத்து நான்கில் ஒன்று, இரண்டும் பாதியின் பாதி வரிசை. 1957 ஏப்ரல் 1 அன்று நூறு நயா பைசாவுக்கு மாறாமல் இருந்திருந்தால் கணினிக்குப் பெரும் வசதியாக இருந்திருக்கும்.)

முழு எண்ணில் வைக்க விரும்பாதவர்களுக்குப் பதின்ம வகை எண்களும் உண்டு. வணிகக் கணக்குக்கென்றே பிறந்த கோபோல் (COBOL) என்ற கணினி மொழியில் அது தொடக்கத்திலிருந்தே இருந்தது. இன்றைய தரவுத்தளங்களில் ‘டெசிமல்’ என்றும், ஜாவாவில் ‘பிக்டெசிமல்’ என்றும் இருக்கிறது. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தத் தரநிலையிலேயே பதின்ம வடிவங்கள் சேர்க்கப்பட்டுவிட்டன. கருவி இல்லாமல் யாரும் தவிக்கவில்லை. பாடப்புத்தகத்து முதல் பயிற்சியில் விலையை ஃப்ளோட் என்று எழுதிப் பழகிய கை, வேலைக்குப் போன பிறகும் அப்படியே எழுதுகிறது, அவ்வளவுதான். இதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. பதினோராம் வகுப்பு சி++ ஆய்வகத்தில் 0.1 + 0.2 என்பதை அச்சிட்டால் திரையில் 0.3 என்று அழகாக வரும், ஏனெனில் அது வழக்கமாக ஆறு இலக்கத்தோடு நிறுத்திக் காட்டும். பிள்ளைகள் சரி என்று ரெக்கார்ட் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்த விடை 0.3க்குச் சமமா என்று ஒரு வரி சேர்த்துக் கேட்கச் சொன்னால் இல்லை என்று வரும். அந்த ஒரு வரியை நாங்கள் சேர்க்கச் சொன்னதில்லை. அதே போல எக்செல்லில் 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகவே தட்டினால் அது 15 இலக்கங்களுக்குமேல் வைத்துக்கொள்ளாமல் கடைசி இலக்கத்தைப் பூச்சியமாக்கிவிடும். பயனாளிகள் பட்டியல் தயாரிக்கும் அலுவலகங்கள் அந்தக் கட்டத்தை முதலிலேயே எழுத்து வகைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பைசாவாக எண்ணினாலும் வகுத்தல் வந்துவிட்டால் மிச்சம் வரும். நூறு ரூபாயை மூன்று பங்காளிகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 33 ரூபாய் 33 பைசா போக ஒரு பைசா மிஞ்சும், ரப்பர் பாலின் டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவு) சதவீதத்தால் பெருக்கும்போதும், வட்டியை நாள் கணக்கில் 365ஆல் வகுக்கும்போதும் அப்படியே. இது கணினி வருவதற்கு முன்பும் இருந்த மிச்சம். அதற்கு வேண்டியது ஒரு விதி, அந்த விதி எழுத்தில் இருக்க வேண்டும். சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக ஏற்றவும், குறைந்தால் விட்டுவிடவும் தெளிவாகச் சொல்கிறது. நம் ரப்பர் ரசீதுகளில் அப்படி ஒரு வரி எங்கே இருக்கிறது? சரிபாதியாக நிற்கும் எண்ணை எப்போதும் மேலே ஏற்றும் முறையும் உண்டு, அருகிலுள்ள இரட்டை எண்ணுக்கு மாற்றும் முறையும் உண்டு, இரண்டும் ஏற்புடையவையே. எதைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லாமல் இருப்பதுதான் ஏற்க முடியாதது.

ஆகவே கொள்முதல் செய்யும் சங்கங்களும், கடன் கொடுக்கும் அமைப்புகளும், உள்ளாட்சி அலுவலகங்களும் அடுத்த முறை மென்பொருளுக்கு ஒப்பந்தம் போடும்போது ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு எழுத்திலேயே விடை வாங்கிக்கொள்ளும்படி தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்: தொகையும் எடையும் எந்த வகை எண்ணில் சேமிக்கப்படுகின்றன? விடை ஃப்ளோட் என்றோ டபுள் என்றோ வந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைச் சோதிக்க 2.675 என்ற எடையை ஒரு முறை தட்டிப் பார்க்கலாம்; 2.67 என்று வந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

குலசேகரத்து வாசகருக்கு ஒரு வேண்டுகோள். நாங்கள் ரப்பர் பால் போடும் சங்கத்தின் பேரவைக் கூட்டம் அடுத்த மாதம் நடக்கிறது. அங்கே இந்தக் கேள்வியை எழுப்ப இருக்கிறேன். தாங்களும் தங்கள் சங்கத்துக் கூட்டத்தில் அந்த இரண்டு ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள். கூட்டம் தொடங்குவதற்குமுன், ரசீது போடும் அந்தப் பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள வாசகன்,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர்,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.